பூசணம் பூக்காத ரொட்டி

ரொட்டி கெட்டுப்போகவில்லை என்ற குற்றத்துக்காக எங்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பத்தாம் வகுப்பிலேயே இன்னொரு வருஷம் உட்கார வைக்க இருந்தார்கள். ரொட்டி கெட்டுப்போயிருக்குமோ என்ற சந்தேகத்துக்காக அதே வாரம், அதே வீட்டில், அவள் அப்பாவின் கடையைப் பூட்ட இருந்தார்கள். இரண்டு உத்தரவும் ஒரே கட்டடத்திலிருந்து, தபால்தலையை மிச்சம் பிடிப்பதற்காக ஒரே உறையில் வந்தன. கூட்டிச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. அந்தக் கடையில் முப்பது வருஷமாகக் காலைக் காப்பி குடிக்கிறேன், அவ்வளவுதான்.

கடைக்காரர் கிஸ்பெர்ட் ஓவர்காம்ப் நான்காவது தலைமுறை ரொட்டிக்காரர். வெஸ்ட்ஃபாலியாவில் எங்கள் பக்கத்து ரொட்டி பும்பர்னிக்கல். முழு ரை தானியத்தைத் தகரப்பெட்டியில் அடைத்து, இளஞ்சூட்டு அடுப்பில் ஒரு பகலும் ஓர் இரவும் கிடத்தி எடுப்பது. கறுப்பாக, செங்கல் மாதிரி கனமாக, லேசான புளிப்பும் இனிப்புமாக இருக்கும். கிறிஸ்துமஸுக்குச் சுட்டதை ஈஸ்டருக்குச் சாப்பிடலாம், சாப்பிட்டிருக்கிறோம். எங்கள் ஊர்க்காரர்கள் எதையும் வாயாரப் புகழ மாட்டார்கள். மிக மிகப் பிடித்துவிட்டால் "தின்னலாம்" என்பார்கள். ஓவர்காம்ப் ரொட்டியைப் பற்றி நூறு வருஷமாக ஊர் சொல்லிவந்தது அந்த ஒரு வார்த்தைதான். அவர் குடும்பம் அதை மார்பில் குத்திய பதக்கமாகவே நினைத்திருந்தது.

தொற்றுநோய் வந்த அந்த வசந்த காலத்தில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஊரே ஈஸ்ட்டுக்கும் கழிப்பறைத் தாளுக்கும் அலைந்துகொண்டிருந்தபோது, மாவட்டக் கல்வி அலுவலகம் மட்டும் அலையாமல் உட்கார்ந்து யோசித்தது. அங்கே தொலைவழிக் கற்றல் பிரிவின் தலைவர் டாக்டர் ஓட்ஃப்ரீட் லூடிங்ஹவுஸ். பிரஷ்யக் காலத்துப் பள்ளி மணியின் சட்ட அந்தஸ்தைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். பத்தே நாளில் அவர் 'அறிவுப்பாலம்' என்றொரு இணையதளத்தைத் திறந்துவைத்தார். மூவாயிரம் குடும்பங்கள் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தன.

"நம்ம மாவட்டத்துல இனிமே எந்தக் குழந்தையும் பின்தங்காது," என்றார் டாக்டர். "ஏன்னா யாரும் முன்னாடி போக மாட்டாங்க. எல்லாரும் ஒரே எடத்துல நிப்பாங்க. இதைத்தான் நாங்க சமத்துவம்னு சொல்றோம்."

பாலம் பதினோராவது நிமிஷம் இடிந்து விழுந்தது. அதற்குள் அவர் பேசி முடித்திருந்ததால் விழா வெற்றி என்று அறிவித்தார்கள்.

பத்தாம் வகுப்பு உயிரியலுக்கு அவர்கள் தந்த வீட்டுப்பாடம் 'பதினான்கு நாளில் ஒரு பூஞ்சை'. வீட்டில் உள்ள ரொட்டியில் ஒரு துண்டை எடுத்துத் தளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். தினமும் படம் எடுத்து ஏற்ற வேண்டும். பதினான்காம் நாளில் ரொட்டியில் எத்தனை சதவீதம் பச்சை என்று தளமே கணக்கிட்டு மதிப்பெண் போடும். எங்கள் நாட்டில் ஒன்று என்றால் தலைமேல் தூக்கிவைப்பார்கள், ஆறு என்றால் அதே வகுப்பில் மறுபடி ஒரு வருஷம்.

இதற்கு ஒரு வழிகாட்டி நூலும் உண்டு. இருநூற்றுப் பதினான்கு பக்கம், மஞ்சள் அட்டை. அதைத் தளத்தில் ஏற்றியபோதுதான் பாலம் இரண்டாம் தடவை விழுந்தது. அதனால் அலுவலகத்தின் நிலவறையிலிருந்து மூவாயிரம் பிரதிகளை எடுத்துத் தபாலில் அனுப்பினார்கள். தொலைவழிக் கல்வி எங்கள் வாசலுக்கு வந்தது சைக்கிளில்தான்.

வழிகாட்டியின் ஏழாம் பக்கம் சொன்னது: பூஞ்சை வளர மறுத்தால் ஊக்கம் கொடுக்கவும். எட்டாம் பக்கம்: வீட்டில் வேறு உயிருள்ள வளர்ப்புகள் இருந்தால் ஒன்றுவிடாமல் பதியவும். ஒன்பதாம் பக்கம்: ஒவ்வொரு படத்திலும் ரொட்டித் துண்டு இடப்பக்கமும், இந்தப் பக்கம் தெரியும்படி விரித்த வழிகாட்டி வலப்பக்கமும் இருக்க வேண்டும், வழிகாட்டி உள்ள வீடுதான் என்பதற்கு அது சாட்சி. பத்தாம் பக்கம் என்ன சொன்னது என்று மாவட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஒன்பதாம் பக்கத்தை விரித்துவைத்த பிறகு யாரும் புரட்டவில்லை.

ஓவர்காம்பின் மகள் மெர்லெ பதினாறு வயதுப் பெண். மற்றப் பெண்கள் குதிரைப்படம் ஒட்டுகிற சுவரில் இவள் லாக்டிக் பாக்டீரியா படம் ஒட்டியிருந்தாள். நுண்ணுயிரியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டில் இருந்தது அவள் அப்பா சுட்ட ரொட்டி. அதில் ஒரு துண்டை அவள் நேர்மையாகப் பதிந்தாள். மாதிரி எண் 4417. சரக்கறை ஜன்னலோரம் ரொட்டியை இடப்பக்கம் வைத்தாள், வழிகாட்டியை வலப்பக்கம் விரித்தாள்.

மூன்றாம் நாள் ரொட்டி முதல் நாள் போலவே இருந்தது. ஐந்தாம் நாளும் அப்படியே. ஆறாம் நாள் தளத்தில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது: 'உங்கள் பூஞ்சை வகுப்புச் சராசரியைவிடப் பின்தங்கியுள்ளது.' மெர்லெயின் அம்மா ஹைகே சொன்ன சொல் தட்டாதவள். ஏழாம் பக்கத்தைப் படித்துவிட்டு, காலையும் மாலையும் சரக்கறைக்குப் போய் ரொட்டியிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வந்தாள். ரொட்டி கேட்டுக்கொண்டது. ஆனால் அங்கே என்னவோ நாறுகிறது என்று அவள் புருஷனிடம் புகார் சொன்னாள். முதலில் பாலாடைக்கட்டியைச் சந்தேகித்தாள், பிறகு அவருடைய செருப்பை.

எட்டாம் நாள் ஓவர்காம்ப் உதவி எண்ணுக்கு அழைத்தார். போனில் காத்திருக்கவைத்து நாற்பது நிமிஷம் புல்லாங்குழல் போட்டார்கள், கேட்டார். அதன் முடிவில் டாக்டர் லூடிங்ஹவுஸே பேசினார். உதவி எண்ணில் உட்கார வேறு ஆளைப் போடுவதற்கான விண்ணப்பம் இன்னும் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"என் ரொட்டி பூசணம் பூக்காதுங்க, டாக்டர்," என்றார் ஓவர்காம்ப். "நூறு வருஷமா பூத்ததில்ல."

"ரொட்டி மேல பழி போடறது சுலபம், மிஸ்டர் ஓவர்காம்ப். பூஞ்சை வரலைன்னா முயற்சி வரலைன்னு அர்த்தம். மத்தப் பிள்ளைங்களுக்கு வருதே?"

"அவங்க ரொட்டி வேறங்க."

"அதெல்லாம் பாகுபாடு. இந்த மாவட்டத்துல எல்லா ரொட்டியும் சமம்."

"அப்ப வேற ரொட்டிய வெச்சுக்கலாமா?"

"சமம்னா எதுக்கு மாத்தணும்? பதிஞ்சது பதிஞ்சதுதான். தளத்துல அழிக்கிற பொத்தானையே நான் எடுக்கச் சொல்லிட்டேன். அழிக்க முடிஞ்சா ஜனங்க யோசிக்க ஆரம்பிச்சுடுவாங்க."

அன்று மாலை ஓவர்காம்ப் செய்த காரியத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. முகக்கவசம் இருந்தும் போதாதென்று தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, மூன்றாவது ஊரில் உள்ள பெரிய அங்காடிக்குக் காரில் போனார். பிளாஸ்டிக் பையில் அடைத்த வெள்ளை டோஸ்ட் ரொட்டி ஒன்றை எடுத்தார். வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல், "என்ன ஓவர்காம்ப், அடுப்பு ரிப்பேரா?" என்று கேட்டது. எங்கள் ஊர்ப் பாதிரியார். அவரும் அதையேதான் வாங்கியிருந்தார், ஆனால் அவர் ரொட்டிக்காரர் இல்லை. மறுநாள் ஊரில் பாதிப் பேர் ஓவர்காம்ப் குடும்பத்தில் யாருக்கோ வயிறு சரியில்லை என்றார்கள். மீதிப் பேர் கடையை விற்கப் போகிறார் என்றார்கள்.

டோஸ்ட்டை அவர் திருட்டுத்தனமாக இடப்பக்கம் வைத்தார். அதிலும் பூசணம் வரவில்லை. கெடாமலிருக்க அதில் கலந்திருந்த மருந்துகளைப் பையில் அச்சடித்திருந்தார்கள். படித்து முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும். பழைய துண்டையே திரும்ப வைத்துவிட்டு, டோஸ்ட்டை வாத்துகளுக்குப் போட்டார். வாத்துகள் சுற்றிவந்து பார்த்துவிட்டு நீந்திப் போய்விட்டன. இதற்குள் தளம் மட்டும் சுறுசுறுப்பாகக் கண்டுபிடித்துவிட்டது: 'மாதிரி 4417 கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறியுள்ளது. முறைகேடு சந்தேகம். முதல் எச்சரிக்கை. இம்மாணவியின் இறுதி மதிப்பீட்டைப் பிரிவுத் தலைவரே நேரலையில் செய்வார். அவர் வாயால் சொல்லும் மதிப்பெண் இறுதியானது.'

மெர்லெ அப்பாவோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. வகுப்பில் முதலில் வந்துகொண்டிருந்த பெண் ரொட்டிக்கு வண்ணம் பூசியிருந்தாள் என்று எல்லோருக்கும் தெரியும். (பிற்பாடு அவளுக்கு ஓவியப் பாடத்திலும் அதே மதிப்பெண்ணைச் சேர்த்துக் கொடுத்தார்கள்.) மெர்லெயையும் அப்படிச் செய்யச் சொல்லித் தோழிகள் கெஞ்சினார்கள். பொய்ப் பூசணத்தை வைத்துப் பூசணம் படிக்கப் போக முடியாது என்று அவள் மறுத்துவிட்டாள். அதற்குப் பதிலாக, அந்த ரொட்டி ஏன் கெடவில்லை என்று தேட ஆரம்பித்தாள். மாவின் புளிப்பை அளந்தாள், ஈரத்தை அளந்தாள், புளிமாவில் உள்ள பாக்டீரியா பூசணத்தை எப்படித் துரத்துகிறது என்று பழைய பால் பாட்டில்களில் பரிசோதித்தாள். பன்னிரண்டு பக்கம் எழுதித் தன் உயிரியல் ஆசிரியர் வெஸ்லிங்குக்கு அனுப்பினாள்.

வெஸ்லிங் நல்ல மனிதர். வருஷாவருஷம் பிள்ளைகளைக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போய்த் தவளை முட்டை காட்டியவர். இப்போது அவர் வேலை, எத்தனை பிள்ளைகளுக்குப் பச்சை விளக்கு, எத்தனை பேருக்கு ஆரஞ்சு என்று எண்ணி மேலே அனுப்புவது. அன்றைக்கே கடைக்கு வந்து, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று அழாத குறையாகப் பேசினார்.

"இருபத்தாறு வருஷத்துல ஒரு பிள்ளை இப்படி எழுதிப் பாத்ததில்ல. ஆனா தளத்துல இதப் போடக் கட்டம் இல்ல, மெர்லெ. ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. அதுல பச்சை எத்தனை சதவீதம்னு மட்டும்தான் போட முடியும்."

"பூஜ்யம்னு போட்டு, ஏன்னு இதுல இருக்குன்னு சொல்லக் கூடாதா சார்?"

"'ஏன்'கிறதுக்குத்தான் கட்டம் இல்லங்கிறேன்."

எட்டாம் பக்கத்தால் வந்த வினையை இன்னும் சொல்லவில்லை. ஓவர்காம்ப் வீட்டு நிலவறையில், ரொட்டியைப் புளிக்கவைக்கிற புளிமாவு ஒரு வாளி உண்டு. கொள்ளுப்பாட்டனின் மனைவி ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் கலக்கியது. தினமும் கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் சேர்த்து, இன்றுவரை சாகாமல் இருக்கிறது. அந்தம்மாள் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள்: அடெல்ஹைட். மெர்லெ நேர்மையானவள் என்று சொன்னேனே. உயிருள்ள வளர்ப்புகள் என்ற இடத்தில் அடெல்ஹைட் ஓவர்காம்ப் என்று பதிந்துவிட்டாள். தளத்துக்கு உயிருள்ளவற்றில் ஒரே ஒரு வகைதான் தெரியும். அடெல்ஹைட்டைப் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் சேர்த்துக்கொண்டது.

மூன்று நாளில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது: 'உங்கள் பிள்ளை அடெல்ஹைட் நான்கு வீடியோ வகுப்புகளுக்கு வரவில்லை. தொடர்ந்தால் காவல்துறை மூலம் பள்ளிக்கு அழைத்து வரப்படுவார்.' பள்ளிக்கூடம் மூடியிருந்தது. இருந்தாலும் ஹைகே பயந்துபோய், மறுநாள் காலை வாளியைத் தூக்கிவந்து கேமராவுக்கு முன்னால் வைத்தாள். இருபத்தெட்டுப் பிள்ளைகள் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சமையலறைக் கதகதப்பில் அடெல்ஹைட் பொங்கி, வாளி மூடியை மெதுவாகத் தூக்கியது.

"இன்னைக்கு வகுப்புல வளர்ச்சி காட்டினது அடெல்ஹைட் மட்டும்தான்," என்றார் வெஸ்லிங். அவர் கசப்பில் சொன்னார். தளம் பாராட்டு என்று பதிந்துகொண்டது.

கடைசி வாரம் திங்கட்கிழமை அந்த உறை வந்தது. முதல் கடிதம் கல்வி அலுவலகத்துடையது. வெள்ளி காலை பத்து மணிக்கு மாதிரி 4417 மீது பூஞ்சை காணப்படாவிட்டால் மெர்லெக்கு உயிரியலில் ஆறு. பதினொன்றாம் வகுப்பு கிடையாது. இரண்டாவது கடிதம் உணவுப் பாதுகாப்புப் பிரிவுடையது. இந்த முகவரியில் பூஞ்சை வளர்க்கப்படுவதாகக் கல்வித் தளம் தானாகவே தெரிவித்திருக்கிறது. வெள்ளி காலை பத்து மணிக்குச் சோதனை. வளாகத்தில் உள்ள ரொட்டி எதிலும் பூஞ்சை காணப்பட்டால் கடைக்கு முத்திரை.

ஓவர்காம்ப் இரண்டையும் கடைமேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாராவது தப்பு கண்டுபிடித்துச் சொல்லட்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். நாங்களும் படித்தோம். எழுத்துப்பிழைகூட இல்லை.

இரண்டாவது கடிதத்தில் கையெழுத்திட்டிருந்த கெட்லர் அம்மாளுக்கு அவர் போன் செய்தார். அந்த அம்மாள் கண்டிப்பானவள், ஆனால் மரியாதையானவள். கல்வி அலுவலகம் தனக்கு நேர் மேல்மாடி என்றும், பத்தொன்பது வருஷத்தில் அங்கே ஏறிப்போனதில்லை என்றும் சொன்னாள். மேல்மாடிக்குப் போக ஒரு படிவம் உண்டாம். அது மேல்மாடியில் கிடைக்குமாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் ரொட்டி வாங்கப் போனபோது அப்பாவும் மகளும் கடைக்குள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"பூத்துட்டா நான் போச்சு," என்றார் அவர். "பூக்கலேன்னா நீ போச்சு."

"பூக்காதுப்பா," என்றாள் மெர்லெ. "நீங்க நல்லா சுட்டுட்டீங்க."

அவர் வாழ்நாளில் கேட்ட மிகப் பெரிய பாராட்டு அது. அதைக் கேட்டுவிட்டு அந்த மனிதர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பத்துக்குப் பத்து நிமிஷம் முன்பே கெட்லர் அம்மாள் வந்துவிட்டாள். வெள்ளை மேலங்கி, காலில் பிளாஸ்டிக் உறை, கழுத்தில் உருப்பெருக்கி, பையில் சிவப்பு முத்திரைச் சுருள். சாட்சிக்கு ஒரு வாடிக்கையாளர் வேண்டும் என்று காப்பிக் கோப்பையோடு என்னையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். சமையலறை மேஜையில் ரொட்டித் துண்டும் வழிகாட்டியும் ஒன்பதாம் பக்க விதிப்படி கிடந்தன. மாவு டப்பாவில் சாய்த்துவைத்த டேப்லெட்டில் பத்து மணிக்கு டாக்டர் லூடிங்ஹவுஸ் தோன்றினார், வாயைத் திறந்தார், அப்படியே உறைந்துபோனார். பாலம் மறுபடியும் பாதி விழுந்துவிட்டது. படம் நின்றுவிட்டது, குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியல, பரவாயில்ல, தெரியணும்னு விதி இல்ல," என்றது குரல். "பூஞ்சை வந்துச்சா?"

"பூஞ்சை இருக்கா?" என்று அதே நேரத்தில் கெட்லர் அம்மாளும் கேட்டாள்.

"மொதல்ல ஒண்ணு சொல்லுங்க," என்றார் ஓவர்காம்ப். "யாருக்கு எந்தப் பதில் வேணும்?"

அம்மாள் குனிந்தாள். ரொட்டித் துண்டை இடமிருந்து வலமாக, பிறகு மேலிருந்து கீழாக உருப்பெருக்கியால் பார்த்தாள். ஓரத்தைக் கத்தியால் சுரண்டி, முகக்கவசத்தை இறக்கி முகர்ந்தாள். ஒரு துணுக்கை வாயில் போட்டுக்கொண்டது விதியில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

"சுத்தம்," என்றாள்.

ஓவர்காம்புக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு மகளைப் பார்த்ததும் நின்றுவிட்டது. மெர்லெ கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

கெட்லர் அம்மாள் நிமிரவில்லை. அவள் மூக்கு ரொட்டியை விட்டு வலப்பக்கம் நகர்ந்தது. ஒற்றைக் கையுறை போட்டிருந்தவள் இரண்டாவதையும் போட்டுக்கொண்டாள். இரண்டு விரலால் ஒன்பதாம் பக்கத்தைப் பிடித்து மெதுவாகப் புரட்டினாள்.

"வந்திருக்கு," என்றாள்.

ஓவர்காம்ப் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"வந்திருச்சா?" என்றது குரல். "எத்தனை சதவீதம்?"

ஒரு எண்ணைக் கேட்டுவிட்டால் பதில் சொல்லாமல் இருக்க கெட்லர் அம்மாளால் முடியாது. கட்டம் போட்ட கண்ணாடித்தாளைப் பத்தாம் பக்கத்தின் மேல் வைத்துப் பொறுமையாக எண்ணினாள். "எண்பத்திரண்டு. மூணு வகை இருக்கு. ஒண்ணு பச்சை, ஒண்ணு கறுப்பு. மூணாவது என்னன்னு எனக்கே தெரியல."

"எண்பத்திரண்டு," என்றது குரல். அது நெகிழ்ந்திருந்தது. "மாவட்டத்துலயே இதான் அதிகம். பாத்தீங்களா மிஸ்டர் ஓவர்காம்ப், நான் என்ன சொன்னேன்? முயற்சி இல்லாம இருந்துச்சு, நாங்க எச்சரிச்சோம், முயற்சி வந்துருச்சு. குழந்தை மேல நம்பிக்கை வெக்காதீங்க, முறை மேல வைங்க. மெர்லெ ஓவர்காம்ப், உயிரியல், ஒண்ணு. பதிஞ்சுக்க."

டேப்லெட் 'டிங்' என்றது.

"பதிஞ்சிருச்சா டாக்டர்?" என்று கேட்டாள் மெர்லெ.

"பதிஞ்சது பதிஞ்சதுதான் பாப்பா."

"அம்மா," என்றார் மூட்டைமேலிருந்த ஓவர்காம்ப், வெளிறிப்போய். "அப்ப என் கடை?"

"உங்க கடைக்கு என்ன? ரொட்டி சுத்தம்னு சொன்னேனே. நான் எண்ணினது இந்தப் புஸ்தகத்தை."

உறைந்துபோன படத்தில் டாக்டர் வாயைத் திறந்தபடியே இருந்தார்.

"எந்தப் புஸ்தகம்?" என்றது குரல்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று மெர்லெ செவ்வாய்க்கிழமையே கண்டுபிடித்திருந்தாள். அதைப் பெரியவர்களிடம் சொல்லாமல், விதிப்படி தளத்தில்தான் புகார் செய்திருந்தாள். பதிலும் வந்திருந்தது: 'வழிகாட்டி பற்றிய சந்தேகங்களுக்கு வழிகாட்டியைப் பார்க்கவும்.' அதை அவள் அச்செடுத்து வைத்திருந்தாள். எடுத்துக் கெட்லர் அம்மாள் கையில் கொடுத்தாள்.

அந்த அம்மாள் வழிகாட்டியை மூன்று பைகளில் போட்டுக் கட்டினாள். பின்னட்டையில் அனுப்பிய இடத்தின் முத்திரை இருந்தது. பூஞ்சை எங்கிருந்து வந்ததோ அங்கே போய் முத்திரை வைக்க வேண்டும் என்பது அவளுடைய விதி. முத்திரையில் இருந்த முகவரி அவள் தினமும் வேலைக்குப் போகிற முகவரி. கல்வி அலுவலகத்தின் நிலவறையில் மூன்று சுவர்களில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அங்கே வளர்ந்திருந்ததைப் பார்த்து அவள் தொப்பியைக் கழற்றினாள் என்கிறார்கள். நிலவறையை மூடினாள். அதே காற்று போகிற மேல்மாடியையும் மூடினாள். முத்திரை வைக்கப் போவதற்குப் படிவம் வேண்டியதில்லையாம். டாக்டர் லூடிங்ஹவுஸ் அப்போது உள்ளே வீடியோவில் உரையாற்றிக்கொண்டிருந்தார். சிவப்புச் சுருளோடு மூன்று பேர் வாசலில் நின்று, அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது.

அவர் மெர்லெயின் மதிப்பெண்ணை மாற்றச் சொல்லி எழுதியதாகவும், அழிக்கிற பொத்தான் இல்லை என்று தொழில்நுட்பப் பிரிவு வருத்தம் தெரிவித்ததாகவும் கேள்வி. மெர்லெ பதினொன்றாம் வகுப்புக்குப் போனாள். அந்தப் பன்னிரண்டு பக்கத்தை வெஸ்லிங் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார், பார்க்கிறவர்களிடமெல்லாம் படித்துக்காட்டுகிறார். அடெல்ஹைட்டுக்கும் தேர்ச்சிச் சான்றிதழ் வந்தது. 'அமைதியானவர், தொடர்ந்து வளர்கிறார்' என்ற குறிப்போடு கடையில் மாட்டியிருக்கிறார்கள்.

முத்திரை வைத்த மாடியில் வேலை பார்த்தவர்கள் திரும்ப உள்ளே போவதற்கு முன், பூஞ்சையை அடையாளம் காணும் பயிற்சி ஒன்றில் தேற வேண்டும் என்று சட்டம். தேறும்வரை அவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். மாவட்டத்தில் அப்படிப்பட்ட பயிற்சி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 'பதினான்கு நாளில் ஒரு பூஞ்சை'.

ஜூன் மாதம் ஒரு காலையில் டாக்டர் லூடிங்ஹவுஸ் கடைக்குள் வந்தார். என் காப்பி பாதிகூடத் தீரவில்லை. ஏதாவது ஒரு ரொட்டி வேண்டும் என்றார்.

"திங்கவா, படிக்கவா?" என்று கேட்டார் ஓவர்காம்ப்.

"படிக்க."

ஓவர்காம்ப் வெள்ளை ரொட்டி அடுக்கிய பக்கம் போகவில்லை. பின்னால் போய், அன்றைக்கு எடுத்த பும்பர்னிக்கலில் ஒரு தடித்த துண்டை வெட்டி, நல்ல தாளில் சுற்றிக் கொண்டுவந்தார்.

டாக்டர் அதைப் பார்த்தார். "வேற எதாவது..."

"எல்லா ரொட்டியும் சமம்தானுங்களே," என்றார் ஓவர்காம்ப். அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. "காசு வேண்டாம் டாக்டர். முயற்சி மட்டும் போடுங்க."

அவர் அதை வாங்கிக்கொண்டுதான் போனார். வேறென்ன செய்வார்? அன்றைக்கே பதிந்துவிட்டார். மாதிரி எண் 4418.

பள்ளிக்கூடங்கள் திறந்தன. இலையுதிர்காலம் வந்து போயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் நாயைக் கூட்டிக்கொண்டு டாக்டர் வீட்டு வழியாக நடந்தேன். திரை போடாத ஜன்னல், உள்ளே விளக்கு. ஜன்னலோரம் இடப்பக்கம் அந்தத் துண்டு, வலப்பக்கம் மஞ்சள் அட்டை. டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்து, குனிந்து, ஏதோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். ஏழாம் பக்கம்.

கண்ணாடியோரம் போய் உற்றுப் பார்த்தேன். தின்னலாம்.